மாஸ் எஃபெக்ட் 2 கடைசி மிஷன்: எல்லாரும் லாயல், அப்புறமும் டாலி ஏன் சாகுறா?

மேலூர்_மாறன்

எல்லாருக்கும் வணக்கம். மாஸ் எஃபெக்ட்ங்கிற விண்வெளி வீடியோ கேம், லெஜண்டரி எடிஷன்ல 2ஆம் பாகம். ஒமேகா 4 ரிலே (விண்வெளி வாசல்) தாண்டி எதிரிகளான கலெக்டர்களோட தளம். டாலி உட்பட என் அணி பன்னெண்டு பேரும் லாயல் (அவங்கவங்க சொந்த மிஷனை முடிச்சு விசுவாசம் வாங்கியாச்சு). கப்பலுக்கு ஆர்மர், ஷீல்டு, பீரங்கி மூணும் போட்டாச்சு. வென்டுக்குள்ள (காத்துக் குழாய் வழியாப் போய்க் கதவைத் திறக்க) லீஜியன், முதல் டீமுக்குத் தலைவரா கேரஸ், பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க சமாரா, ரெண்டாவது டீமுக்கு மிராண்டா, மீட்ட கப்பல் ஆளுகளைக் கூட்டிட்டுப் போக மோர்டின். கடைசிச் சண்டைக்கு என்னோட கேரஸும் கிரண்டும். எங்கயும் தப்பான ஆளைப் போடல. முடிவுல டாலி செத்துட்டா. லோடு பண்ணி அதே ஆளுகளோட மறுபடி போனாலும் டாலிதான் சாகுறா. இது அதிர்ஷ்டமா, கணக்கா? அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள மூணாம் பாகம் ஆரம்பிக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகை_வடகரை

தம்பி, அதிர்ஷ்டம் துளியும் கிடையாது, முழுக்கக் கணக்கு. அதான் எத்தனை தடவை லோடு பண்ணாலும் அதே ஆளு சாகுறா.

நீங்க சொன்ன கட்டம் எல்லாம் சரியாத்தான் போயிருக்கு. சாவு விழுந்தது அதுக்கு அடுத்த கட்டத்துல. அப்படி ஒரு தேர்வு நடக்குதுன்னு கேம் வெளிப்படையா சொல்லவே சொல்லாது. கடைசிச் சண்டைக்கு ரெண்டு பேரை எடுத்துட்டு ஷெப்பர்ட் (நாம ஆடுற ஆளு) மேல போயிருவாரு. மிச்சம் இருக்குறவங்க பின்னாடி நின்னு கலெக்டர் படையைத் தடுக்கணும். அங்க நிக்குற ஒவ்வொருத்தருக்கும் மறைவா ஒரு தற்காப்பு மதிப்பு வச்சிருக்காங்க.

கேரஸ், கிரண்ட், சயீத் மூணு பேருக்கும் 4. மிராண்டா, ஜேக்கப், தேய்ன், சமாரா, லீஜியன் இவங்களுக்கு 2. ஜாக், டாலி, கசுமி, மோர்டின் நாலு பேருக்கும் 1. லாயலா இருந்தாத்தான் இந்த மதிப்பு. லாயல் இல்லைன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு கொறஞ்சிரும்.

நிக்குறவங்க மதிப்பை எல்லாம் கூட்டி ஆள் எண்ணிக்கையால வகுக்கணும். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ நின்னா விதி இதுதான்: சராசரி 2 வந்துட்டா சாவே இல்ல. 1.5க்கும் 2க்கும் நடுவுல இருந்தா ஒருத்தர். 0.5க்கும் 1.5க்கும் நடுவுல இருந்தா ரெண்டு பேர். அதுக்கும் கீழ போனா மூணு பேர். நாலு பேரோ அதுக்குக் கம்மியாவோ நின்னா விதி மாறும், அது உங்களுக்குத் தேவைப்படாது.

உங்க ஆட்டத்தைப் போட்டுப் பாப்போம். கேரஸ், கிரண்ட் உங்களோட வந்துட்டாங்க. மோர்டின் கப்பலுக்குப் போயாச்சு. நிக்குறது ஒம்போது பேர்: சயீத் 4, மிராண்டா 2, ஜேக்கப் 2, தேய்ன் 2, சமாரா 2, லீஜியன் 2, ஜாக் 1, கசுமி 1, டாலி 1. மொத்தம் 17. ஒம்போதால வகுத்தா 1.89. நூல் அளவுதான் குறையுது, ஆனா குறைஞ்சா குறைஞ்சதுதான். ஒருத்தர் போயாகணும்.

யாரு போகணும்ங்கிறதுக்கும் வரிசை உண்டு. மோர்டின், டாலி, கசுமி, ஜாக், மிராண்டா, ஜேக்கப், கேரஸ், சமாரா, லீஜியன், தேய்ன், சயீத், கிரண்ட். முதல் பேரு மோர்டின், அவரை நீங்க பத்திரமா அனுப்பிட்டீங்க. அடுத்து நிக்குறது டாலி.

கிரண்டை அங்கயே விட்டுட்டு டாலியைக் கூட்டிட்டுப் போங்க. இப்ப நிக்குறவங்க மொத்தம் 20, சராசரி 2.22. ஒருத்தரும் சாக மாட்டாங்க.

கோச்சடை_நிலா

வடகரை அண்ணன் சொன்ன கணக்கை வகுக்காமலே மனசுல போட ஒரு வழி இருக்கு. கோடு 2ல இருக்கு, அதனால ஒவ்வொருத்தரும் 2க்கு மேல எவ்வளவு, கீழ எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. கேரஸ், கிரண்ட், சயீத் ஆளுக்கு கூட்டல் 2. ஜாக், டாலி, கசுமி, மோர்டின் ஆளுக்கு கழித்தல் 1. மத்த அஞ்சு பேரும் பூஜ்யம், அவங்க எங்க இருந்தாலும் கணக்கு அசையாது. நிக்குறவங்க மொத்தம் பூஜ்யமோ அதுக்கு மேலயோ வந்தா எல்லாரும் பிழைப்பாங்க.

இந்த வழியில பாத்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். பன்னெண்டு பேரும் உயிரோட, எல்லாரும் லாயலா இருக்கும்போது, அந்த மூணு பலசாலிகள்ல ரெண்டு பேரை நீங்க எடுத்தா ஒரு சாவு கட்டாயம். மிச்சம் ஒரே ஒரு கூட்டல் 2. பலம் கம்மியான நாலு பேர்ல ஒருத்தரைக் கப்பலுக்கு அனுப்பினாலும் மூணு பேர் நிப்பாங்க, கழித்தல் 3. எப்படி மாத்திப் போட்டாலும் கழித்தல் 1க்கு மேல வராது. அந்த மூணு பேர்ல ஒருத்தரை மட்டும் எடுத்து, மோர்டினைக் கப்பலுக்கு அனுப்பினா, ரெண்டாவது ஆளு யாரா இருந்தாலும் கவலை இல்ல.

நல்லாப் பரிமாறத் தெரிஞ்ச ரெண்டு பேரையும் மாப்பிள்ளையைக் கவனிக்க மேடைக்குக் கூப்பிட்டுக்கிட்டா பந்தி என்ன ஆகும்? அதேதான் இங்கயும்.

லாயல் இல்லாதவங்க இருந்தா: பலசாலிகள் கூட்டல் 1 ஆயிருவாங்க, நடுத்தர அஞ்சு பேரும் கழித்தல் 1, ஜாக் டாலி வகையறா கழித்தல் 2. இன்னொண்ணு, சாவு வரிசையில லாயல் இல்லாதவங்க எல்லாரும் முன்னாடி வந்துருவாங்க. லாயல் இல்லாத கிரண்ட், லாயலான மோர்டினுக்கு முன்னாடி சாவான்.

உசிலை_ஷெப்பர்ட்

கணக்கெல்லாம் சரி. ஆனா இன்சானிட்டியில (ரொம்பக் கஷ்டமான லெவல்) கடைசி பாஸுக்கு கேரஸும் கிரண்டும் இல்லாம எப்படிய்யா நிக்கிறது? டாலியும் ஜாக்கும் ரெண்டு அடியில விழுந்துருவாய்ங்க. மேடைக்கு மேடை பறந்து கலெக்டர் வந்துக்கிட்டே இருப்பாய்ங்க, அவய்ங்களை ஆட்டி வைக்கிற ஹார்பிஞ்சர் வேற எவன் உடம்புலயாவது பூந்துருவான். கஷ்டம் குறைஞ்ச லெவல்ல ஆடுறவங்களுக்குத்தான் இந்த யோசனை சரிப்படும்.

வைகை_வடகரை

உசிலை, இன்சானிட்டியிலயும் அந்த ரெண்டு பேரு கட்டாயம் இல்லப்பா. பாஸோட உடம்பு எப்படின்னு பாரு.

மனித ரீப்பர்ங்கிற அந்த பாஸோட சண்டை ரெண்டு பாகம். முதல்ல அது மேல தொங்கிக்கிட்டு இருக்கும், நாலு குழாய் அதுக்கு உயிர் ஏத்திக்கிட்டு இருக்கும். மூடி திறக்கும்போது குழாயைச் சுட்டு உடைக்கணும், மூடியிருக்கும்போது சுட்டா தோட்டா வீண். நடுவுல கலெக்டர் மேடைகள் வரும். இந்தப் பாகத்துக்குத் தேவை கலெக்டர்களைச் சீக்கிரம் ஒழிக்கிற ஆளு. அவங்க பாதுகாப்பு பேரியர், ஹார்பிஞ்சருக்கு பேரியரோட ஆர்மரும் உண்டு. வார்ப்ங்கிற திறமை ரெண்டையும் தின்னும். மிராண்டாகிட்ட வார்ப் இருக்கு, தேய்ன்கிட்டயும் இருக்கு. சமாராவோட ரீவும் அதே வேலையைச் செய்யும், லாயல் ஆனபிறகு.

ரெண்டாவது பாகத்துல அது கீழ விழுந்து எந்திரிச்சு மேடை ஓரத்துல நிக்கும். அப்ப அதுக்கு ஆர்மர்தான். இங்க வார்ப், இன்சினரேட் (நெருப்பு வீசுற திறமை) ரெண்டும் நேரடியா வேலை செய்யும். வாய்க்குள்ள வெளிச்சம் கூடுச்சுன்னா பெரிய கதிர் வரப்போகுதுன்னு அர்த்தம், மறைவுல உக்காந்துரணும். கதிர் நின்னதும் எந்திரிச்சு கண்ணைக் குறி வைக்கணும். உடம்புல எங்கயோ சுடுறதை விட கண்ணுல போட்டா நல்லாக் குறையும்.

அதனால ஆளு: மிராண்டாவும் மோர்டினும். மிராண்டா வார்ப், ஓவர்லோடு ரெண்டும் போடுவா, அவளோட பேஸிவ் திறமை கூட நிக்குற மொத்த அணிக்கும் பலம் கூட்டும். மோர்டின் இன்சினரேட். அப்பக் கப்பலுக்கு டாலியை அனுப்புங்க. நிக்குறது கேரஸ், கிரண்ட், சயீத், தேய்ன், லீஜியன், சமாரா, ஜேக்கப், ஜாக், கசுமி. நிலா சொன்ன வழியில கூட்டல் 6, கழித்தல் 2. கூட்டல் 4 கையில. சாவு வரிசையில முதல் ரெண்டு பேரும் அங்கயே இல்ல, வந்தாத்தானே சாவாங்க.

கனரக ஆயுதத்துக்கு கெயின். தோட்டா முழுசா நிரப்பிட்டு ரிலேயைத் தாண்டணும், வழியில அதை வீணாக்கக் கூடாது. கெயினுக்கு பட்டனை அழுத்தினதும் சில நொடி சூடேறித்தான் வெடிக்கும். அந்த நேரத்துல மறைவுல இருந்து தலை வெளிய இருக்கும். அதனால பாஸ் கதிர் அடிச்சு முடிச்ச நொடியில ஆரம்பிங்க. கதிர் வரும்போது ஆரம்பிச்சா, வெடிக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துருவீங்க.

உசிலை_ஷெப்பர்ட்

மிராண்டா சரி, ஒத்துக்குறேன், ஆர்மருக்கு வார்ப் வேணும். ஆனா மோர்டின் எடத்துல கிரண்டை எடுத்தாலும் கணக்கு தாங்குதுல்ல? மோர்டின் கப்பலுக்குப் போயிட்டா கேரஸ், சயீத் கூட்டல் 4. டாலி, கசுமி, ஜாக் கழித்தல் 3. கூட்டல் 1. நம்ம ஆளு கிரண்ட் என் கூடத்தான் வருவான். கண்ணுக்கு நேரா ஷாட்கன்னோட ஓடுற அந்த அழகை விட்டுக் கொடுக்க முடியாது.

கோச்சடை_நிலா

தாங்கும் உசிலை. ஒரே ஒரு பலசாலி உங்களோட, மோர்டின் கப்பல்ல. அந்தக் கூட்டல் 1 போதும்.

மாறன் தம்பி மத்த கட்டங்களைச் சரியாச் செஞ்சிருக்காரு, ஆனா இதைப் படிக்கிற புதுசா ஆடுறவங்களுக்காக அந்தக் கட்டங்களையும் சொல்லிடறேன். இங்க கேம் கொஞ்சம் கண்ணைக் கட்டும். கூட்டத்துல யாரு முன்வந்து பேசுறாங்களோ அவங்க பல நேரம் தப்பான ஆளு.

வென்டுக்குள்ள போக ஜேக்கப் நானே போறேன்னு சொல்லுவான். போகக் கூடாது. தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க மூணே பேரு: டாலி, லீஜியன், கசுமி. லாயலா இருக்கணும். அதே நேரத்துல வெளிய இன்னொரு டீமை நடத்துறவங்களும் சரியா இருக்கணும். கேரஸ், ஜேக்கப், மிராண்டா, இவங்கள்ல லாயலான யாராவது. இதுல நுணுக்கம் என்னன்னா, வெளிய இருக்குற தலைவர் தப்பா இருந்தாலும் சாகுறது உள்ள போன ஆளுதான். கதவை மூடுற கடைசி நொடியில வென்டுல இருந்து வந்தவங்க மேல குண்டு பாயும். அதைப் பாத்துட்டு "டாலி லாயல்தானே, எப்படிச் செத்தா"ன்னு நிறைய பேர் கேட்பாங்க. பதில் வெளிய நின்ன தலைவர்கிட்ட இருக்கு. டீம் லீடரா கிரண்ட்டையோ சயீத்தையோ போட்டா சண்டை நல்லாப் போடுவாங்க, ஆனா இந்த வேலைக்கு அவங்க இல்ல.

அடுத்தது பூச்சிக் கூட்டம். அதைத் தடுக்கிறது பயாட்டிக், அதாவது மனசால சக்தி வீசுறவங்க வேலை. இங்க மிராண்டா "எந்த பயாட்டிக்கும் செய்யலாம்"ங்கிற மாதிரி பேசி தானே போறேன்னு நிப்பா. அவளை நம்பினா கூட வர்ற ஒருத்தரைப் பூச்சி தூக்கிட்டுப் போயிரும். சமாரா, மோரிந்த் (சமாராவோட மக, சமாராவுக்குப் பதிலா அவளைச் சேர்த்திருந்தா), ஜாக், இவங்க மட்டும்தான் அந்தத் தடுப்பைக் கடைசி வரைக்கும் தாங்குவாங்க, லாயலா இருந்தா. தேய்ன், ஜேக்கப் ரெண்டு பேரும் பயாட்டிக்தான், ஆனாலும் தாங்க மாட்டாங்க. நடக்கும்போது அந்தத் தடுப்புக் குமிழை விட்டு வெளிய போனா உங்க உயிர் கரையும், அதனால முன்னாடி ஓடிப் போய்ச் சண்டை போடாதீங்க. ஹஸ்க் (பிணம் மாதிரி எதிரிகள்) கூட்டமா வரும், அவங்க நெருங்கட்டும், குமிழுக்குள்ள இருந்தே சுடுங்க.

அதே நேரத்துல ரெண்டாவது டீம். இங்கயும் கேரஸ், ஜேக்கப், மிராண்டா. முதல் டீமை நடத்தின ஆளையே மறுபடியும் போடலாம். தப்பா போட்டா இந்தத் தடவை சாகுறது அந்தத் தலைவரேதான். மிராண்டாவுக்கு மட்டும் இங்க விதிவிலக்கு. அவ லாயலா இல்லைன்னாலும் ரெண்டாவது டீமை நடத்தி உயிரோட வந்துருவா. கடைசிச் சண்டை வரைக்கும் கதைக்கு அவ தேவை. லாயல் இல்லாத மிராண்டாவைப் பின்னாடி நிக்க விட்டாலோ, கடைசிச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாலோ அந்தப் பாதுகாப்பு இல்ல. கடைசிச் சண்டையில கூட வர்ற லாயல் இல்லாத யாரும் மேடை சரியும்போது திரும்ப மாட்டாங்க.

யானைமலை_அடிவாரம்

கப்பல் ஆளுகளைப் பத்தி யாரும் பேசலையே. கப்பல்ல செயலாளரா இருக்குற கெல்லி எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் முன்னாடி கரைஞ்சு போறா. துணைக்கு ஆளு அனுப்பியும் அப்படித்தான்.

வைகை_வடகரை

அது துணைக்கு அனுப்புற கட்டத்துல முடிவாகுறது இல்ல, அதுக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. கலெக்டர்கள் நம்ம கப்பல் நார்மண்டியில ஏறி ஆளுகளைத் தூக்கிட்டுப் போன பிறகு நீங்க எத்தனை மிஷன் முடிச்சீங்கன்னு கேம் எண்ணும். ஒண்ணுகூட முடிக்காம நேரா ரிலேக்குப் போனா எல்லாரும் பிழைப்பாங்க. ஒண்ணுல இருந்து மூணு மிஷன் வரைக்கும் தாமதிச்சா பாதிப் பேர் போயிருவாங்க, அந்தப் பாதியில கெல்லி உண்டு. அதுக்கும் மேல போனா டாக்டர் சாக்வாஸ் மட்டும்தான் மிஞ்சுவாங்க. துணைக்கு யாரையும் அனுப்பலைன்னா மீட்டவங்களும் திரும்பிப் போற வழியில செத்துருவாங்க. லாயல் இல்லாத ஆளை அனுப்பினா ஜனங்க பிழைப்பாங்க, அனுப்பின ஆளு போயிருவாங்க.

இதுக்குத் தீர்வு வரிசையில இருக்கு. செத்துக் கிடக்குற ரீப்பர் கப்பல்ல, ரிலேயைத் தாண்டத் தேவையான ஐஎஃப்எஃப் கருவியை எடுக்கிற மிஷன் இருக்குல்ல, அதுக்குப் போறதுக்கு முன்னாடியே மத்த எல்லா லாயல்டியும், பக்க மிஷன்களும், டிஎல்சியும் (கூடுதலா வர்ற பகுதிகள்) முடிச்சிருங்க. லீஜியன் அங்கதான் கிடைப்பான். கிடைச்சதும் அவனை எழுப்பி, உடனே அவன் லாயல்டி மிஷனை மட்டும் செய்யுங்க. வேற எதுக்கும் போகாதீங்க. அப்புறம் கடத்தல் நடக்கும், நடந்ததும் நேரா ஒமேகா 4. கடைக்குப் போறது, கிரகம் ஸ்கேன் பண்றது எல்லாம் மிஷன் கணக்குல சேராது.

டாலிக்கும் லீஜியனுக்கும் நடக்குற வாக்குவாதமும் அந்த லாயல்டி மிஷனுக்கு அப்புறம்தான் வரும். பாராகன் (நல்லவன் புள்ளி) இல்லைன்னா ரெனிகேட் (முரடன் புள்ளி) நல்லா இருந்தா ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணலாம். ஒருத்தர் பக்கம் சாஞ்சா இன்னொருத்தர் லாயல்டி போயிரும். மிராண்டா ஜாக் சண்டையும் அப்படித்தான். ரெண்டு குணத்தையும் பாதிப் பாதி வளர்க்குற ஷெப்பர்டுக்கு இந்த ரெண்டு இடமும் முட்டுக்கட்டை. ஆரம்பத்துலயே ஒரு பக்கம் முடிவு பண்ணி வளர்த்துருங்க.

யானைமலை_அடிவாரம்

நன்றிண்ணே. ஐஎஃப்எஃப் முதல்ல எடுத்துட்டு அப்புறம் தேய்ன், சமாரா மிஷனுக்குப் போறதுதான் இங்க பிரச்சினை, புரிஞ்சிருச்சு. லாயல்டி மிஷன் முடிச்சாலே லாயல்தானா, இல்ல உள்ள தப்பு பண்ணா போகுமா?

கோச்சடை_நிலா

சில பேருக்கு மிஷன் முடிச்சாலே போதும். கேரஸ், ஜேக்கப், ஜாக், மோர்டின், கிரண்ட் இவங்ககிட்ட எந்த முடிவு எடுத்தாலும் லாயல்தான். கேரஸ் சுட விட்டாலும் தடுத்தாலும் அவன் உங்க கூடத்தான். கவனமா இருக்க வேண்டியது நாலு இடம்.

சயீத் மிஷன்ல தீப்பிடிச்ச ஆலையில மாட்டினவங்களைக் காப்பாத்தினா அவன் கோபப்படுவான். அதை அடக்க பாராகன் நிறைய வேணும். இல்லைன்னா வில்லனைத் துரத்துறதுதான் அவனைத் தக்க வைக்கும். தேய்ன் மிஷன்ல மகன் நடத்துற கொலையைத் தடுக்கத் தவறினா போச்சு. மேல பாலத்துல இருந்து ஆளைத் தொடரும்போது பேச்சைக் கவனமா கேட்டு எங்க போறான்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சமாரா மிஷன்ல கிளப்புல மோரிந்த்தோட கவனத்தை ஈர்க்க முடியலைன்னாலும், பேசும்போது சொதப்பினாலும் அவ தப்பிச்சுருவா, சமாரா லாயல் ஆக மாட்டா. டாலி விசாரணையில அப்பா பத்தின ஆதாரத்தை வெளிய விட்டா அவ மனசு உடைஞ்சிரும். நாடு கடத்தலை ஏத்துக்கிட்டு மறைச்சா அவ லாயல், ஆனா நாடு கடத்தப்படுவா. ரெண்டும் நடக்காம தப்பிக்க பாராகன், ரெனிகேட் பேச்சு வேணும், இல்லைன்னா விசாரணைக்கு வந்திருக்குற கால் ரீகரையும் வீட்டோரையும் முன்னாடியே பேசித் தயார் பண்ணியிருக்கணும்.

டாலி நாடு கடத்தப்பட்டாளா இல்லையாங்கிறது மூணாம் பாகத்துக்கு ரொம்ப முக்கியம். இதைப் பலர் கவனிக்காம விட்டுட்டு அங்க போய் முட்டிக்குவாங்க.

பாண்டிகோயில்_பைலட்

எல்லாரும் காப்பாத்துறதையே பேசுறீங்க. இந்தச் சண்டையோட உயிரே சாவு விழும்ங்கிற பயம்தான். முழு கேமும் ஒரு ஆளைச் சேர்க்குறது, அவங்க சொந்தக் கதையைத் தீர்த்து வைக்குறதுன்னு போகுது. அந்த உழைப்பெல்லாம் இந்த ஒரே ராத்திரியில எடை போடப்படுது. கணக்கைக் கையில வச்சுக்கிட்டு ஆடினா அந்தக் கதவுகிட்ட நிக்குற நடுக்கம் எங்க இருக்கு? முதல் ஆட்டத்துல இந்த இழையைப் படிக்காதீங்கன்னு மேல ஒரு வரி போடணும்னு கேட்டுக்குறேன்.

வைகை_வடகரை

முதல் தடவை ஆடுறவங்க இதைப் படிக்க வேண்டாம்ங்கிறதுல நானும் உங்க பக்கம்தான். தலைப்புலயே சாவு இருக்கறதால எச்சரிக்கை போட்டே ஆகணும்.

ஆனா கணக்கு தெரிஞ்சா நடுக்கம் போயிரும்ங்கிறதை ஏத்துக்க முடியல. இந்த மிஷனை எழுதினவங்க செஞ்ச பெரிய வேலையே அதுதான். ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் அந்த ஆளோட குணத்துல இருக்கு. ஜேக்கப் ஏன் வென்டுல தோற்குறான்? அவன் சிப்பாய், இயந்திரம் தெரியாது. மிராண்டா ஏன் தடுப்புல தோற்குறா? தன் திறமை மேல அவளுக்கு அளவுக்கு மீறின நம்பிக்கை, மொத்தக் கதையிலயும் அவ குறை அதுதான். ஜாக் பேசுற விதம் யாரையும் நம்ப விடாது, ஆனா அவ பலம் உண்மை. கேரஸ் ஒமேகாவுல ஒரு அணியை நடத்தினவன், அந்த அணியையே இழந்தவன். அவனைத் தலைவராப் போடுறப்ப அது வெறும் சரியான விடை மட்டும் இல்ல. ஆளுகளைக் கவனிச்சுப் பேசினவங்களுக்கு எண்ணே தெரியாமலும் பெரும்பாலும் சரியா வரும்.

பின்னாடி நிக்குற அந்த ஒரு கணக்கு மட்டும்தான் குறை. அங்க மட்டும் கதை எந்தக் குறிப்பும் தராது. நெருங்கின நண்பர்களைக் கடைசிச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாருக்கும் இயல்பு. அதுக்குத் தண்டனையா, கதைக்கே சம்பந்தமில்லாத ஒருத்தர் சாகுறாங்க. "பலமானவங்க இங்க நிக்கணும்"னு ஒரு வரி வசனம் வச்சிருந்தா போதும். மாறன் மாதிரி எல்லாக் கட்டமும் சரியாச் செஞ்சவங்க தோத்துப் போறதுக்கு அந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

பாண்டிகோயில்_பைலட்

அந்தக் கடைசிப் பத்தியை நான் ஏத்துக்குறேன். வென்டுல தப்பு செஞ்சா காரணம் நமக்கே தெரியும். பின்னாடி விழுற சாவுக்குக் காரணம் தெரியாது. நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் வித்தியாசம் இருக்கு.

இருந்தாலும் ரெண்டாவது ஆட்டத்துல ஒரு தடவையாவது ரெண்டு மூணு பேரை இழந்து மூணாம் பாகத்துக்குப் போய்ப் பாருங்க. அங்க யாரு இடத்துல யாரு வந்து நிக்குறாங்கன்னு பாக்கணும். இந்தத் தொடரோட மதிப்பு அப்பத்தான் முழுசாத் தெரியும்.

உசிலை_ஷெப்பர்ட்

ரொம்ப இழந்துராதீங்கப்பா. கடைசியில ரெண்டு பேராவது உயிரோட இருந்தாத்தான் ஷெப்பர்ட் கப்பலுக்குத் தாவும்போது பிடிச்சு இழுப்பாய்ங்க. இல்லைன்னா ஷெப்பர்டும் செத்துருவாரு, அந்த சேவ் ஃபைலை மூணாம் பாகத்துக்குக் கொண்டு போக முடியாது.

கப்பல் அப்கிரேடும் விடாதீங்க. ஆர்மர் ஜேக்கப்கிட்ட பேசினா வரும், ஷீல்டு டாலிகிட்ட, தானிக்ஸ் பீரங்கி கேரஸ்கிட்ட. ஆளுகிட்ட பேசாம ஆராய்ச்சி மேசையில தேடினா வராது. ஆர்மருக்கும் ஷீல்டுக்கும் பல்லேடியம், பீரங்கிக்கு பிளாட்டினம். ஆர்மர் இல்லைன்னா ஜாக் செத்துருவா, அதுல மாற்றமே கிடையாது. ஷீல்டும் பீரங்கியும் இல்லைன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் போவாய்ங்க. கனிமம் தேடுறது சலிப்பா இருந்தா முதல்ல மிராண்டாகிட்ட பேசி ஸ்கேனர் அப்கிரேடு வாங்கிருங்க, பாதி நேரம் மிச்சம்.

மேலூர்_மாறன்

மிராண்டா, மோர்டின் கூட்டிட்டுப் போய், டாலியைக் கப்பலுக்கு அனுப்பி முடிச்சாச்சு. பன்னெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. மோர்டின் இன்சினரேட் போடப் போட பாஸோட ஆர்மர் நல்லா இறங்குச்சு. வடகரை அண்ணனுக்கும் நிலா அக்காவுக்கும் ரொம்ப நன்றி.

இனி மூணாம் பாகம். இப்ப இருக்குற சேவோட நேரா போகலாமா, இல்ல 2ஆம் பாகத்துல இன்னும் எதையாவது சரி பண்ணணுமா? டாலி விசாரணையில நாடு கடத்தல் இல்லாம தப்பிச்சா. லீஜியன் மிஷன்ல கெத் (லீஜியனோட ரோபோ இனம்) எதிரணியை அழிச்சேன், மாத்தி எழுதல.

கோச்சடை_நிலா

ரெண்டும் நல்ல நிலைமை, தைரியமாப் போங்க. ரன்னாக் கிரகத்துல குவேரியனுக்கும் (டாலியோட இனம்) கெத்துக்கும் சமாதானம் பண்றதுக்கு டாலியும் லீஜியனும் உயிரோட வந்திருக்கணும். டாலி நாடு கடத்தப்படாம இருக்குறதுக்கும், எதிரணியை அழிச்சதுக்கும், ரெண்டு பேர் சண்டையைச் சமாதானம் பண்ணதுக்கும் தனித்தனியா புள்ளி உண்டு. மூணாம் பாகத்துல அட்மிரல் கோரிஸைக் காப்பாத்துற மிஷனையும் கெத் விமானப்படை மிஷனையும் ரன்னாக்குக்கு முன்னாடியே முடிச்சிருங்க, மிச்சப் புள்ளி அங்க கிடைக்கும். லீஜியன் இல்லாத சேவுல அவன் இடத்துல ஒரு கெத் விஐ (நிரல்) வரும், அதோட சமாதானம் நடக்காது.

கிரண்ட் லாயலா வந்திருக்கான், அதனால ராக்னைங்கிற பூச்சி இனத்தோட குகையில அவன் தனியா பின்தங்கி நிக்கும்போது பயப்பட வேண்டாம், ரத்தத்தோட வெளிய வருவான். லாயல் இல்லைன்னா அங்கேயே முடிஞ்சிருப்பான். மோர்டின் இருக்குறதால டுச்சாங்கா கிரகத்துல கோபுரத்துக்கு அவரே வருவாரு. 2ஆம் பாகத்துல அவர் செத்திருந்தா படாக் விக்ஸ்னு அவர் இனத்து (சலேரியன்) இன்னொருத்தர் அந்த வேலையைச் செய்வாரு. அங்க அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

ஒண்ணு மட்டும். சேவ் ஃபைலை இறக்குமதி பண்றப்ப, தளத்தை வெடிச்சு முடிச்ச பிறகு கப்பல்ல நிக்கும்போது எடுத்த சேவ் ஃபைலைத் தேர்ந்தெடுங்க. ரிலேக்கு முன்னாடி எடுத்ததையும் தனியா ஒரு இடத்துல வச்சுக்கங்க, அழிச்சுராதீங்க. இந்த வாரம் நம்ம பக்கம் பராமரிப்புக்கு கரண்ட் எடுக்கிற நாள் இருக்கு, ஆட்டோ சேவ் ஃபைலை மட்டும் நம்பி பாஸ் சண்டைக்கு நடுவுல உக்காந்திருக்காதீங்க.